ராமையா இறங்காத நாள்

உழக்காமல் உருட்டிக்கொண்டு போகும் சைக்கிளின் பின்சில்லில் ஒரு சத்தம் உண்டு. ‘ரிக், ரிக், ரிக்’ என்று ஒரே அளவாக வரும். ஏறியிருந்து உழக்கும்போது அது வராது. இறக்கத்தில் காலை ஓயவிட்டால் அவசர அவசரமாக வரும். ஒரு மனிதர் இறங்கி, ஹாண்டிலைப் பிடித்து, தெருவோரமாகத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதுதான் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய விதத்தில் ஆறுதலாகக் கேட்கும். பதின்மூன்று வயதில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அதுதான். ஏன் பிடித்தது என்று சொல்ல இத்தனை வருடமாக எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றும் நினைத்திருந்தேன். போன மாதம் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

செட்டிகுளத்துக்கும் பூவரசங்குளத்துக்கும் இடைப்பட்ட பக்கத்தில், ஆற்றை ஒட்டியே நாலு கட்டைத் தூரம் வளைந்து வளைந்து போன கிறவல் ரோட்டு எங்களுடையது. ஆற்றுக்கு வரைபடத்தில் ஒரு பெயர் இருந்தது. நாங்கள் வெறுமனே ஆறு என்போம். கரை முழுக்க மருத மரங்கள். அவற்றின் வேர்கள் ரோட்டின் குறுக்கே ஓடியதால் ஒவ்வொரு வேருக்கும் சைக்கிள் ஒருதரம் துள்ளும். எந்த வளைவில் எத்தனை துள்ளல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், வயலுக்குப் பின்னால் குளக்கட்டு, அதற்கும் பின்னால் காடு. காலை ஆறரைக்கு வயலின் மேல் பனிப்புகார் படிந்திருக்கும், மயில்கள் வரம்பில் நின்று நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்களே ஆகியிருந்த காலம். வாகனம் என்று சொல்ல நாளுக்கு ஓர் உழவு இயந்திரம் போகும், மிச்சமெல்லாம் சைக்கிள்கள்.

ரோட்டின் மேல் அந்தத்தில் எங்கள் குடியேற்றத் திட்டம் இருந்தது. அப்பப்பா, அப்பாவின் தகப்பன், யாழ்ப்பாணத்திலிருந்து காடு வெட்டிக் கழனியாக்க வந்தவர்களில் ஒருவர். கீழ் அந்தத்தில், வாய்க்கால் முடிகிற இடத்தில், கலவரங்களுக்குத் தப்பித் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த மலையகத்து மக்களின் குடியிருப்பு இருந்தது. அவர்களை எங்கள் பக்கத்தில் ‘கடைவாய்க்கால் ஆக்கள்’ என்பார்கள். அதைவிடக் கேவலமான ஒரு சொல்லும் இருந்தது, எங்கள் வீட்டிலும் புழங்கியது. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. எங்களுக்குக் காணிக்குப் ‘பேமிற்’ என்ற அரசாங்க அனுமதிப்பத்திரம் இருந்தது, வாய்க்கால் தண்ணீரில் முறை இருந்தது. அவர்களுக்கு இரண்டும் இல்லை. எங்கள் வயல்களில் கூலிக்கு வேலை செய்து, எங்கள் வயல்களைத் தாண்டி வரும் மிச்சத் தண்ணீரில் மிளகாயும் கச்சான் கடலையும் வைத்துச் சீவித்தார்கள். அந்தக் குடியிருப்பைக் கடந்தால் ‘சப்பாத்துப் பாலம்’. ஆற்றுப் படுக்கையோடு பதிந்து கிடக்கும் தாழ்ந்த சீமெந்துப் பாலம் அது. மாரியில் தண்ணீர் அதன் மேலாகவே ஓடும். பாலத்துக்கு அப்பால்தான் பெரிய வீதியும் பள்ளிக்கூடமும் கடைகளும்.

மூத்தவர்களையோ கோயிலையோ கண்டால் சைக்கிளால் இறங்குவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வைரவர் கோயிலடியில் நானும் இறங்கி, கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவேன். ஆனால் கடைவாய்க்கால் ஆட்கள் என் அப்பாவுக்கு இறங்கியது வேறு வகை. அப்பா ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குத் தலைவராக இருந்தார், வாய்க்கால் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு எங்கள் வீட்டுச் சாமி அறையில் ஆணியில் தொங்கியது. அவரைத் தூரத்தில் கண்டதுமே அவர்கள் இறங்கி, சைக்கிளைப் புல்லுக்குள் ஒதுக்கி, அவர் கடந்து போகும்வரை நிற்பார்கள். தலையில் சால்வை இருந்தால் அது தோளுக்கு வரும். அப்பா மெல்லத் தலையை அசைப்பார், அவ்வளவுதான். அவர் வீட்டில் எங்களைக் கைநீட்டி அடித்ததில்லை, யாரையும் கத்திப் பேசியதுமில்லை. “மரியாதையை நாங்கள் கேட்டு வாங்கிறேல்லைப் பிள்ளை. அவையளாத் தருகினம்” என்று ஒருநாள் பெருமையோடு சொன்னார். அவருடைய சைக்கிள் கரியரில் இருந்துகொண்டு நான் அதை அப்படியே நம்பினேன்.

ஏழாம் வகுப்பில் கனடா மாமாவின் புண்ணியத்தில் எனக்கென்று ஒரு ‘லேடீஸ் சைக்கிள்’ வந்தது. ஊதா நிறம். முன்னால் கூடை, ஹாண்டிலில் வெள்ளிபோல மினுங்கும் பெல். பழகி ஒரு கிழமைக்குள் தனியாகப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினேன். அந்த நாலு கட்டையும் உழக்கிய முதல் நாட்களின் சந்தோசத்தை நான் மறைக்கப் போவதில்லை. காற்றில் பாவாடை படபடக்க, மருத மர நிழலும் வெயிலும் மாறி மாறி என்மேல் ஓட, எனக்கு நானே சொந்தக்காரியானதுபோல இருந்தது. அந்தச் சந்தோசம் அப்படியே இருந்திருந்தால் இந்தக் கட்டுரை நல்லதொரு சைக்கிள் கட்டுரையாக முடிந்திருக்கும்.

இரண்டாம் கிழமையில் ராமையா எதிரே வந்தார். ராமையா எங்கள் வயலில் நெடுநாள் வேலை செய்தவர், அப்பாவைவிட ஐந்தாறு வயது மூத்தவர், மெலிந்த, சிரிப்பு முகமுள்ள மனிதர். இன்று எழுதும்போது ‘வந்தார், போனார்’ என்று எழுதுகிறேன். அன்று எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளைகள்கூட அவரை ‘வா, போ’ என்றுதான் சொல்வோம். கரியரில் மண்வெட்டியும் சோற்றுப் பார்சலும் கட்டியபடி வேலைக்கு வந்தவர் என்னைக் கண்டதும் சட்டென்று இறங்கிவிட்டார். எனக்குப் பின்னால் அப்பா வருகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அப்பா வரவில்லை. ஆனாலும் ஏற்கெனவே இறங்கிவிட்ட மனிதர், இனி என்ன செய்வது என்று தெரியாமல், “பாப்பா ஸ்கூலுக்கா?” என்று கேட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். நான் அப்பாவைப்போலவே தலையை மெல்ல அசைத்துவிட்டுப் போனேன். பின்னால் அவருடைய சைக்கிளின் ‘ரிக், ரிக்’ கேட்டது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது.

அதன் பிறகு நான் செய்தது அற்பத்தனம். ராமையா வேலைக்கு வரும் நேரத்தைக் கணக்கிட்டு வீட்டிலிருந்து புறப்படத் தொடங்கினேன். அவர் என்னைக் கவனிக்காமல் விட்டுவிடுவாரோ என்று வளைவுக்கு முன்பே பெல் அடித்தேன். அந்த பெல் சத்தத்துக்கு அவர் பழகிவிட்டார். என் முகம் தெரிய முதலே ஒரு கால் நிலத்தில் ஊன்றிவிடும். மற்றவர்கள் யாரும் எனக்கு இறங்கவில்லை, இறங்க வேண்டிய நியாயமும் இல்லை. ராமையா மட்டும் ஒருதரம் தவறிச் செய்ததைத் திருத்த வழியில்லாமல் ஒவ்வொரு நாளும் செய்தார். ‘வேண்டாம், இறங்காதையுங்கோ’ என்ற இரண்டு சொல்லை நான் சொல்லியிருந்தால் போதும். எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியது, சொல்லவில்லை.

ராமையாவின் மகள் லெட்சுமி என் வகுப்பில், என் வாங்கிலேயே, எனக்குப் பக்கத்தில் இருந்து படித்தாள். பள்ளிக்கூடத்துக்குள் நாங்கள் சிநேகிதிகள்தான். மாங்காய்க்கு உப்பு அவள் கொண்டு வருவாள், தூள் நான் கொண்டு போவேன். கணக்கில் அவள் புலி. நான் காலையில் அவளுடைய கொப்பியைப் பார்த்து எழுதித்தான் வீட்டுவேலை காட்டுவேன். பள்ளிக்கூடப் படலையைத் தாண்டியதும் அவள் நடப்பாள், நான் சைக்கிளில் போவேன். ‘டபிள்’ ஏற்றினால் புது ரயர் தேய்ந்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள், அதையே சாட்டாக வைத்து ஒருநாளும் அவளை ஏற்றவில்லை. அவளும் கேட்டதில்லை. தகப்பன் எனக்கு இறங்குவது அவளுக்குத் தெரியுமா என்று நான் யோசித்ததுமில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பரிசளிப்பு விழா வந்தது. கணித பாடத்துக்கான பரிசு லெட்சுமிக்குக் கிடைத்தது. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா புதுச் சட்டை தைத்துத் தந்திருந்தாள், அதைப் போட்டுக்கொண்டு பரிசுகள் கொடுத்து முடியும்வரை கைதட்டிவிட்டு, தலையிடி என்று சொல்லிப் புறப்பட்டேன். சப்பாத்துப் பாலம் தாண்டி, மனமில்லாமல் மெல்ல மெல்ல உழக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. ராமையா, வெள்ளைச் சேட்டும் சாரமுமாக, விழாவுக்கென்று வெளிக்கிட்ட கோலத்தில், சைக்கிள் பாரில் லெட்சுமியை ஏற்றிக்கொண்டு வந்தார். அவள் மடியில் பூப்போட்ட தாள் சுற்றிய பரிசு. என்னருகே வந்ததும் இறங்குவார் என்று நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் இறங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், லெட்சுமி நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு வேர்த் துள்ளலில் என்னைக் கடந்து போய்விட்டார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் இங்கே தருகிறேன். “அப்பா, இண்டைக்கு ராமையா என்னைக் கண்டிட்டும் இறங்கேல்லை.”

“அதுகள் பரிசு வாங்கின சந்தோசத்தில் போயிருக்குங்கள், அதுக்கென்ன” என்றாள் அம்மா. அப்பா “ஓமோ?” என்று மட்டும் கேட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு விடச் சொன்னார். அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோலத்தான் இருந்தது.

அது சிறுபோகக் காலம், காய்ச்சல் வெயில். இரண்டு நாள் கழித்து, குளத்தில் நீர்மட்டம் குறைந்துவிட்டது, திட்டக் காணிகளுக்கே போதாது என்று சொல்லி, எங்கள் கடைசி வயலுக்குக் கீழே வாய்க்காலை மறித்துப் பலகை இறக்கப்பட்டது. அப்பா சொன்னது முழுப்பொய் இல்லை, குளம் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. ஆனால் அதைவிடக் குறைந்த வருடங்களிலும் அந்தப் பலகை இறங்கியதில்லை. காலையில் நான் சைக்கிளில் போகும்போது கடைவாய்க்கால் மிளகாய்த் தோட்டங்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தொங்குவதைக் கண்டேன். பெண்கள் ஆற்றுக் குழிகளிலிருந்து வாளியில் அள்ளி ஊற்றினார்கள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உழக்கினேன். எனக்குத் தெரியும். தெரியாததுபோல எனக்கு நானே நடித்தேன்.

பத்தாம் நாள் பின்னேரம் ராமையா எங்கள் படலையடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. அப்பா விறாந்தையில் கதிரையில் இருந்தார். நான் யன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். “அன்னைக்குப் பாப்பாவக் கவனிக்கலைங்கய்யா. கண்ணு இப்ப மங்கலாத் தெரியுது” என்றார் ராமையா. என்னைப் பார்த்துச் சிரித்தவர் அப்படிச் சொன்னார். அதெல்லாம் என்னத்துக்கு, நான் ஒன்றும் கேட்கவில்லையே என்று அப்பா சிரித்தார். அம்மாவைக் கூப்பிட்டு, வெளியே கொண்டுபோய் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். மறுநாள் விடிய வாய்க்காலில் பலகை இல்லை.

அதற்குப் பிறகு ராமையா எனக்கு இறங்கிய விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு சிரிப்போடு, ‘பாப்பா’ என்றொரு சொல்லோடு இறங்குவார். இப்போது பெல் கேட்டதும் பாம்பைக் கண்டவர்போல இறங்கினார். முன்னால் கேட்டாலும் பின்னால் கேட்டாலும், மணலோ சேறோ என்று பாராமல் இறங்கினார். ஒருநாள் இரண்டு மூட்டை உமியோடு வந்தவர் அவசரத்தில் இறங்கி மூட்டையைச் சரித்துவிட்டார், அதை அப்படியே விட்டுவிட்டு நான் போகும்வரை நின்றார். லெட்சுமி வகுப்பில் பழையபடி என் பக்கத்தில்தான் இருந்தாள். கொப்பியையும் தந்தாள். மாங்காய் தின்ன மட்டும் வருவதில்லை.

பதினோராம் வகுப்பு வந்தது. சாதாரணதரப் பரீட்சை. கணிதத்தில் சித்தியடையாவிட்டால் உயர்தரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கடைவாய்க்காலில் அதுவரை ஒருவரும் உயர்தரம் போனதில்லை, லெட்சுமிதான் முதலாவதாகப் போவாள் என்று கணித ஆசிரியர் வகுப்பில் வெளிப்படையாகவே சொன்னார். வர்த்தகம் படித்து ஒரு கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருப்பேன் என்று அவள் எனக்கு முன்பு ஒருதரம் சொல்லியிருந்தாள். மேசையில் தன் பெயர்ப்பலகை இருக்குமாம். ராமையா அந்த வருடம் முழுக்க அவளைக் கச்சான் பிடுங்கக்கூடத் தோட்டத்துக்குக் கூப்பிடவில்லை என்று ஊரே பேசியது.

பரீட்சை எப்போதும்போல் மார்கழியில், நடு மாரியில் வந்தது. பரீட்சை நிலையம் பெரிய வீதியில் இன்னும் மூன்று கட்டை தள்ளியிருந்த பெரிய பள்ளிக்கூடம். கணிதத்துக்கு முதல்நாள் இரவு கொட்டோ கொட்டென்று கொட்டியது. அப்பா குளக்கட்டுக் காவலுக்குப் போய்விட்டார், அதனால் காலையில் என்னைக் கொண்டுபோய் விட ஆளில்லை. மழை விடட்டும் விடட்டும் என்று அம்மா என்னை முற்றத்திலேயே மறித்து வைத்திருந்தாள். கொஞ்சம் விட்டதும் நெற்றியில் திருநீற்றைப் பூசி அனுப்பினாள். நான் பிந்திவிட்டேன். மருத மர வேர்களெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன, துள்ளல் எங்கே வருமென்று தெரியாமல் பயந்து பயந்து உழக்கினேன்.

சப்பாத்துப் பாலத்துக்கு வந்தபோது தண்ணீர் அதன் மேல் கணுக்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. பழகியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. பாலத்தின் நடுப்பகுதி சில்லுகள் ஓடி ஓடிச் சுத்தமாக இருக்கும். இரண்டு ஓரங்களும் பாசி. நடுவால் நேரே ஓட்டினால் சைக்கிள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விடும், ஓரத்துக்குப் போனால்தான் ஆபத்து. எங்கள் ஊரில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் இது தெரியும். பாலத்தின் நடுவில் ராமையா போய்க்கொண்டிருந்தார். கரியரில் லெட்சுமி, தலையில் பொலித்தீன் போர்த்து, ஒரு ‘சொப்பிங் பாக்’கை நெஞ்சோடு அணைத்தபடி. அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் அதற்குள்தான் இருந்திருக்கும். அவர் அவசரப்படவில்லை, ஒரே சீராக, கவனமாக உழக்கினார்.

நான் அந்தக் கரையில் அரை நிமிடம் நின்றிருந்தால் அவர்கள் அக்கரை சேர்ந்திருப்பார்கள். எனக்குப் பதற்றம். நேரம் போகிறது. பெல் அடித்தேன். ஆற்றுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நான் விட்டிருக்கலாம். இன்னொருதரம், பெருவிரல் நோக, விடாமல் அடித்தேன். பெல் அடித்தால் அவர் இறங்குவார் என்பது எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அவர் இறங்கினார். எனக்கு வழிவிட ஓரத்துக்கு ஒதுங்கி, இடது காலைப் பாசியில் வைத்தார். கால் வழுக்கியது. சைக்கிள் ஒரு பக்கம் சரிய, லெட்சுமி பாலத்தோரத்து வெள்ளைக் கல்லில் கையடிபட விழுந்தாள். ராமையா அவள் சட்டையைப் பிடித்து இழுத்து எடுத்துவிட்டார். பையைப் பிடிக்க முடியவில்லை. அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மண்ணிறத் தண்ணீரோடு போனது.

நான் கிட்டப் போய்க் காலை ஊன்றி நின்றேன். லெட்சுமியின் வலது முழங்கை இருக்கக்கூடாத ஒரு விதத்தில் இருந்தது. அவள் அழவில்லை, என்னைப் பார்த்தாள். ராமையா ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் நடுவில் குறுக்கே கிடந்த சைக்கிளை இழுத்து ஓரமாக்கினார். எனக்கு வழிவிடத்தான். “நீங்க போங்க பாப்பா. பரிச்சைக்கு நேரமாவுது” என்றார்.

நான் போனேன். பாலத்தின் சுத்தமான நடுப்பகுதியால், ஈரம் படாமல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன்.

பரீட்சை மண்டபத்தில் லெட்சுமியின் மேசை எனக்கு அடுத்தது. மேசை மூலையில் அவளுடைய சுட்டிலக்கம் ஒட்டியிருந்தது. மேற்பார்வையாளர் வந்து அவளுக்கு வைத்திருந்த வினாத்தாளை எடுத்துக்கொண்டு போனார். முதல் பத்து நிமிடம் அந்த மேசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. கேள்விகள் இலேசாக இருந்தன. எனக்கு ‘ஏ’ சித்தி கிடைத்தது.

வீட்டில், ராமையாவும் லெட்சுமியும் பாலத்தில் விழுந்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அம்மா பதறிப்போனாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ நிண்டு என்ன செய்யிறது, உனக்குச் சோதனையெல்லே” என்றாள். அப்பா ஒரு மூட்டை அரிசி கொடுத்தனுப்பினார். ஒருநாள் தானும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கை பொருந்திவிடும் என்றார். ஆறுதான் செய்தது என்று ஊர் முடிவுகட்டியது. ராமையா பெல்லைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கை வளைந்தே பொருந்தியது, அதோடு எழுதப் பழக அவளுக்கு நெடுநாள் எடுத்தது. அடுத்த வருடம் அவள் பரீட்சைக்கு விண்ணப்பிக்காமல் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டபோது, நான் உயர்தர வகுப்பில் மாணவத் தலைவி.

இன்று நான் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். அந்தப் பாடத்தைத்தான். பிள்ளைகள் பிழைவிட்டால் எந்த வரியில் பிழைத்தது என்று தேடிப் பிடித்துச் சிவப்பில் வட்டம் போட்டுக் காட்டுவேன். என் பிழை அந்தப் பாலத்தில், அந்த இரண்டாவது பெல்லில் இருக்கிறது என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். சைக்கிள்களின் அருகே போகவே எனக்கு விருப்பமில்லை. ஸ்கூட்டி வாங்கிய அன்று பெரிய நிம்மதியாக இருந்தது.

போன மாதம் ஊருக்குப் போனபோது பார்த்தேன்: அந்த ரோட்டு இப்போது வழுவழுவென்று தார் போட்ட ‘காபெற்’ வீதி. அகலிப்பதற்காக மருத மரங்களில் பாதியைத் தறித்துவிட்டார்கள், வேர்களும் இல்லை, துள்ளலும் இல்லை. சப்பாத்துப் பாலம் இருந்த இடத்தில் தூண் வைத்த உயரப் பாலம். மயில்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. சைக்கிள் உழக்குபவர்களைக் காண்பதே அருமை. கடைவாய்க்கால் பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் என் அப்பாவை உரசிக்கொண்டு பறக்கிறார்கள். அவர் ஒதுங்கிப் போகிறார். இறங்கி நிற்கும் அந்த வழக்கத்தை ஒருவரும் தடைசெய்யவில்லை, ரோட்டு நல்லதானதும் தானாகப் போய்விட்டது. இதையெல்லாம் பார்த்து ஏங்குவதற்கு எனக்கு உரிமையில்லை என்பதும் தெரிந்ததுதான்.

அன்று பின்னேரம் லெட்சுமி வீட்டுக்குப் போனேன். கல்வீடு கட்டியிருக்கிறாள். தொழிற்சாலையில் இப்போது நாற்பது பேருக்கு மேலாளாக இருக்கிறாளாம். முற்றத்தில் சாக்கு விரித்துக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தவள், “வாங்க டீச்சர்” என்று எழுந்து கதிரை எடுத்துப் போட்டாள். அந்தக் கை முழுதாக நீளவில்லை. நான் கதிரையில் இருக்கவில்லை. வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை, நின்றபடியே சொல்லிவிட்டேன். “அண்டைக்குப் பாலத்தில பெல் அடிச்சது நான்தான் லெட்சுமி. ரெண்டு தரம் அடிச்சனான். நான் நிண்டிருக்கலாம்.”

“தெரியும்” என்றாள். “கரியர்ல இருந்தவளுக்குக் கேக்காதா?”

கொஞ்ச நேரம் கச்சானை உடைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், “பெல்ல விடு. பரிசு குடுத்த அன்னைக்கு நீதானே வீட்டுல போய்ச் சொன்ன?” என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

“அன்னைக்கு இறங்காதீங்கப்பான்னு நான்தான் அவர்கிட்டச் சொன்னேன். என்கூடப் படிக்கிற பிள்ளைக்குப் போய் நீங்க ஏன் இறங்கணும்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே மிதிச்சாரு. வீடு வந்து சேர்ற வரைக்கும் சிரிச்சாரு.” அவள் குரலில் கோபம் இல்லை. “அப்புறம் பத்து நாள் தண்ணி வரல. அதோட நான் அவருக்கு ஒண்ணும் சொல்றதில்ல. பாலத்துல உன் பெல்லு கேட்டப்பவும், இறங்காதீங்கன்னு வாய் வரைக்கும் வந்திச்சு. சொல்லல.”

பிழைத்த வரி எதுவென்று இத்தனை வருடமாக எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்போது வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். ராமையாதான். நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே போய் அவரிடம் ஒருக்கால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றேன்.

லெட்சுமி எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். “வேணாம்” என்றாள், உள்ளே கேட்காத குரலில். “முழங்கால் ரெண்டும் ஏலாது அவருக்கு. நான்தான் தூக்கித் தூக்கி விடுறேன். நீ போனா எழும்பி நிப்பாரு.”

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் படலைவரை நடந்து வந்தேன்.